கெட்டர் சரி, செட்டர் சரி, பில் மட்டும் தவறு

மென்பொருள் நிரலில் தரவுகளைச் சேர்த்து வைக்கும் ஓர் ஆப்ஜெக்டுக்குள் ஒரு மதிப்பைப் போட்டு, போட்ட மதிப்பையே திரும்ப எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, அதை யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் நிரல்) என்று சக டெவலப்பரின் ரிவ்யூவுக்கு அனுப்பும் பழக்கத்தை இனியும் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பன்னிரண்டு பண்புகள், அதாவது ஃபீல்டுகள், உள்ள ஒரு கிளாஸுக்குப் (ஆப்ஜெக்டின் அச்சுக்குப்) பன்னிரண்டு சோதனைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட் உருவாகிறது, மதிப்பைப் போடும் ஒரு செட்டர் அழைக்கப்படுகிறது, அதே பெயருள்ள கெட்டர் எடுத்துத் தரும் மதிப்பு ஒப்பிடப்படுகிறது. அடுத்த சோதனையில் ஃபீல்டின் பெயர் மட்டும் மாறுகிறது. கோப்பு இருநூறு வரியைத் தொடுகிறது. அதைப் படிப்பவரின் நேரம் போகிறது, மென்பொருளைத் தொகுக்கும் ஒவ்வொரு பில்டிலும் அது ஓடுகிறது, நாளைக்கு ஒரு ஃபீல்டை நீக்க நினைப்பவர் அங்கேயும் போய்க் கைவைக்க வேண்டியிருக்கிறது, இவ்வளவுக்கும் பிறகு அந்த மென்பொருளில் பில் போடும் கடைக்காரருக்கு அதனால் ஒரு பைசா நன்மை இல்லை.

ஒரு ஃபீல்டை அப்படியே திருப்பித் தரும் கெட்டர் தானாகப் பழுதாகாது. நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே பழுதானால்தான் அது பழுதாகும். ஆகவே அதைச் சோதிக்க வேண்டாம் என்று ஜாவா மொழிக்கான சோதனைக் கருவியான ஜேயூனிட்டின் கேள்வி பதில் பகுதியே வெகுகாலத்துக்கு முன் தெளிவாகச் சொல்லிவிட்டது. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் எழுதத் தொடங்கிய அந்தக் கருவியைத்தான் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். அதை எதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்கள் தரப்பிலேயே சொல்லியிருப்பதை மட்டும் யாரும் காதில் வாங்குவதில்லை. இன்று பெரும்பாலான கெட்டர்களை மனிதர் எழுதுவதுகூட இல்லை. நிரல் எழுத உதவும் ஐடிஇ எழுதித் தருகிறது, அல்லது லோம்போக் என்ற ஜாவா நூலகம் உருவாக்கிக்கொள்கிறது. யாரும் கையால் எழுதாத கோடை, அதாவது நிரலை, சோதிப்பதற்கு ஒரு மனிதர் உட்கார்ந்து இருநூறு வரி எழுதுவது எந்த ஊர் நியாயம்?

எது உண்மையில் பழுதாகும் என்று சொல்கிறேன். 2017 ஜூலை 1 முதல் இந்தியாவில் பில் போடும் எந்த மென்பொருளும் ஜிஎஸ்டியைக் கையாண்டாக வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் வரி மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி என்று சரிபாதியாகப் பிரியும். வேறு மாநிலத்துக்கு விற்றால் முழுவதும் ஐஜிஎஸ்டியாகப் போகும். 18 சதவீத வரியுள்ள 1,000 ரூபாய்ப் பொருளைச் சென்னைக் கடைக்காரர் மதுரைக்கு விற்றால் 90 ரூபாயும் 90 ரூபாயும். பெங்களூருவுக்கு விற்றால் 180 ரூபாய். ஆகவே பில்லில் ஒரு பொருளின் பதிவைக் குறிக்கும் ஆப்ஜெக்டில் வரிக்குரிய மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி, மொத்தம் என்று ஐந்து தொகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன, ஐந்தும் பணத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் என்ற எண் வகை. ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பவர் இரண்டாவதையும் நான்காவதையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் கம்பைலர் வாய் திறக்காது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை ஐந்தும் ஒரே வகை. டேட்டாபேஸிலிருந்து படித்து ஆப்ஜெக்டாக மாற்றும் மேப்பரிலும், ஆப்ஜெக்டை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக்கி வெளியே அனுப்பும் இடத்திலும் இதே ஆபத்து காத்திருக்கிறது. மதிப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கைமாறும் இடத்தில்தான் பண்புகள் பழுதாகின்றன. செட்டரையும் கெட்டரையும் ஜோடி சேர்த்து எழுதிய அந்தப் பன்னிரண்டு சோதனைகளும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மேப்பரையே சோதிக்கிறேன் என்று முன்வருகிறவர்களில் பலர் செய்வதோ இன்னும் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. எல்லாத் தொகைகளுக்கும் 100 என்று கொடுக்கிறார்கள். எழுத்தாக வரும் எல்லா ஃபீல்டுகளுக்கும் "டெஸ்ட்" என்று கொடுக்கிறார்கள். நூறையும் நூறையும் இடம் மாற்றினால் நூறுதானே வரும்? எந்த ஃபீல்டு எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்தச் சோதனை பச்சையாகவே, அதாவது வெற்றியாகவே, இருக்கும். உண்மையான பில்லிலிருந்து எடுத்த எண்களைப் போட்டிருக்கிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னாலும் இந்தச் சிக்கல் தீர்வதில்லை, ஏனென்றால் உள்மாநில பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் விதிப்படியே சமம். அவை இரண்டும் இடம் மாறியிருப்பதை அந்த எண்களால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. வரி கணக்கிடுவதைச் சோதிக்க 90-ம் 90-ம் பொருத்தமானவை. மதிப்புகள் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்கும் சோதனைக்கோ 11, 22, 33, 44, 55 என்று ஒன்றுக்கொன்று வேறுபட்ட எண்கள் வேண்டும். இப்படி ஒரு பில் நடைமுறையில் வராதே என்று ரிவ்யூவில் ஆட்சேபம் எழுதுகிறார்கள். வராதுதான், வர வேண்டிய அவசியமும் இல்லை. கூட்டல் சரியா என்று பார்ப்பது இன்னொரு சோதனையின் வேலை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

எண்ணை மாற்றிப் போடுவதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் வரும் தொல்லை யார் தலையில் விடிகிறது என்று யோசித்திருக்கிறார்களா? தவறான தலைப்பில் (சிஜிஎஸ்டிக்குப் பதில் ஐஜிஎஸ்டி என்பதுபோல்) வரி கட்டிவிட்ட வணிகர், சரியான தலைப்பில் மறுபடியும் கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சிறு கடைக்காரருக்கு அது அடுத்த கொள்முதலுக்கு வைத்திருந்த பணம். அதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

இந்தக் குப்பை ஏன் குவிகிறது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். நிரலின் தரத்தைப் பரிசோதிக்கும் சோனார்கியூபில் முன்னிருப்பாக வரும் குவாலிட்டி கேட் (தர எல்லை) புதிய கோடுக்கு 80 சதவீத கவரேஜ் கேட்கிறது, அதாவது அதில் 80 சதவீதத்தையாவது சோதனைகள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கருவியை நான் குறை சொல்லவில்லை. சோதனை எட்டாத மூலைகளைக் காட்டித் தருவதற்கு அந்த எண் உதவும். ஆனால் அந்த எண்ணையே இலக்காக்கி, ஸ்பிரிண்ட் என்ற வேலைச் சுற்று முடியும் நாளில் லீடும் மேலாளரும் அதை மட்டும் பார்க்கும்போது, டெவலப்பர் எளிதாக எட்டக்கூடிய கெட்டர்களைத் தேடிப் போகிறார். பில்லில் காட்டிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி போட வேண்டும். அந்த வரிசையை முடிவுசெய்யும் மெத்தட் (நிரலின் செயல்பகுதி) சோதனையே இல்லாமல் கிடக்க, விலாசத்தின் பின்கோடைத் திருப்பித் தரும் கெட்டருக்கு முழுக் காவல் போடப்பட்டிருக்கும். எண் 80-ஐத் தாண்டிவிட்டதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இத்தனைக்கும் பழைய லோம்போக் பதிப்பிலும் அதன் கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால், அது உருவாக்கிய மெத்தட்களைக் கவரேஜ் அளக்கும் ஜகோகோ தன் கணக்கிலிருந்தே விலக்கிவிடும். அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு ஆள் இல்லை, இருநூறு வரி எழுத மட்டும் ஆள் இருக்கிறது.

சுருக்கமாக எழுதுங்கள் என்று சொன்னால் வேறொரு கொடுமை நடக்கிறது. இரண்டு ஆப்ஜெக்டுகளைச் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸால் ஒப்பிட்டு, கிடைத்த விடையை, உண்மையா என்று மட்டும் பார்க்கும் அசெர்ட்ட்ரூவுக்குள் போட்டு, ஒரே வரியில் முடித்துவிட்டேன் என்கிறார்கள். அந்தச் சோதனை தோற்கும்போது ட்ரூவை எதிர்பார்த்தேன், ஃபால்ஸ் வந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பன்னிரண்டு ஃபீல்டில் எது கெட்டது? நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் டீபக்கரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். வேறு சிலர் ஆப்ஜெக்டை எழுத்தாக்கும் டூஸ்ட்ரிங் தரும் எழுத்துச் சரத்தை ஒப்பிடுகிறார்கள்; யாரோ ஒருவர் லாகில் (ஓட்டப் பதிவில்) அழகாகத் தெரியட்டும் என்று ஒரு காற்புள்ளியைச் சேர்த்தால் சோதனை உடைகிறது. ஆரி வான் டெர்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-லேயே சோதனைக் கோடின் கெட்ட வாடைகளில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டுவிட்டார்கள். விளக்கம் எதுவும் இல்லாமல் இரு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் பன்னிரண்டு அசெர்ட்ஈக்வல்ஸை வரிசையாக அடுக்குவதும் அதே பட்டியலில் இருக்கிறது. அப்படி அடுக்கினால் மூன்றாவது தோற்றவுடன் மற்ற ஒன்பதும் ஓடாமலே நின்றுவிடும். ஒன்றைத் திருத்தி பில்டு முடியக் காத்திருந்தால் அடுத்தது தோற்கும், அதைத் திருத்திவிட்டு மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில், ஒரு சோதனைக்கு ஓர் அசெர்ட்தான், அதாவது சரிபார்க்கும் கூற்று ஒன்றுதான், இருக்க வேண்டும் என்று விதி பேசுகிறவர்கள் வேறு. அசெர்ட் என்ற சொல் கோப்பில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதா ரிவ்யூ? ஒரு சோதனை ஒரு நடத்தையைச் சோதிக்க வேண்டும் என்பதே அந்த அறிவுரையின் உயிர். மேப்பர் பில்லின் பதிவைச் சரியாக உருவாக்குகிறது என்பது ஒரே நடத்தை. அதைப் பன்னிரண்டாக வெட்டினால் தெளிவு கூடுவதில்லை, ஒரே தவறு பல சிவப்புத் தோல்விகளாகச் சிதறுவதுதான் மிச்சம்.

தீர்வு நம் கைக்கு எட்டி ஆண்டுகள் ஆகிவிட்டன. எதிர்பார்க்கும் ஆப்ஜெக்டை முழுமையாக ஒருமுறை எழுதுங்கள், கிடைத்ததை அதனோடு ஒருமுறை ஒப்பிடுங்கள், எது வேறுபடுகிறது என்று கருவியே சொல்லட்டும். பைத்தானில் 2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, தரவை வைப்பதற்கென்றே உள்ள டேட்டாகிளாஸ் இருக்கிறது. இரண்டு டேட்டாகிளாஸ்களை வெறும் அசெர்ட்டால் ஒப்பிட்டாலே பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி வேறுபடும் பண்புகளைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஜாவாவில் 2021 மார்ச்சில் வந்த 16-ஆம் பதிப்பில் அதே வேலைக்கான ரெக்கார்டு நிலைபெற்றுவிட்டது. ஈக்வல்ஸும் டூஸ்ட்ரிங்கும் கூடவே வருகின்றன. பழைய கிளாஸ்தான் கையில் இருக்கிறது என்றால் அசெர்ட்ஜே என்ற ஒப்பீட்டு நூலகத்தின் ரிகர்சிவ் கம்பாரிசன் ஃபீல்டு ஃபீல்டாக இறங்கிப் பார்த்து, எந்த ஃபீல்டில் என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன வந்தது என்று எல்லா வேறுபாடுகளையும் சேர்த்தே தருகிறது. இரண்டு மூன்று பண்புகள் மட்டும் போதும் என்றால் 2017-இல் வந்த ஜேயூனிட் 5-இன் அசெர்ட்ஆல் போதும். அதற்குள் உள்ளவை அனைத்தும் ஓடி முடிந்த பிறகே முடிவு வரும். ரூபியில் எழுதுகிறவர்களுக்கு ஆர்ஸ்பெக் என்ற சோதனைக் கருவியின் ஹேவ் ஆட்ரிபியூட்ஸ் இருக்கிறது.

ஒரே ஒப்பீட்டில் முடிப்பதற்கும் கண் திறந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். டேட்டாபேஸ் பதிவுகளைக் குறிக்கும் ஜேபிஏ என்டிட்டிகளில் ஈக்வல்ஸ் பெரும்பாலும் ஐடியை மட்டுமே பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கும். அதை நம்பி ஒப்பிட்டால் ஐடி ஒன்றாக இருக்கும்வரை மற்ற ஃபீல்டுகள் அத்தனையும் தவறாக இருந்தாலும் சோதனை வென்றுவிடும். பிக்டெசிமலுக்கு 90.0-ம் 90.00-ம் ஈக்வல்ஸில் சமமல்ல, மதிப்பை மட்டும் பார்க்கும் கம்பேர்டூவில்தான் சமம். இதை அறியாதவர்கள் சோதனை ஏன் தோற்கிறது என்று குழம்பி, கடைசியில் தசமங்களைத் தோராயமாக வைக்கும் டபுளாக மாற்றி ஒப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பணத்தைப் போய் டபுளில் வைப்பதா? அந்த வகைக்குக் கம்பேர்டூவைப் பயன்படுத்து என்று ஒப்பீட்டுக்கு ஒரே வரியில் சொல்லிவிட முடியும். உருவாக்கிய நேரம் என்று ஒரு ஃபீல்டு இருந்தால் அது ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். அதைச் சமாளிக்கக் கோடுக்குள் ஒரு கிளாக்கைக் கொடுத்து, சோதனையில் நேரத்தை நிறுத்தி வைக்கலாம். அதைச் செய்ய மனமில்லாமல் அந்த ஃபீல்டை ஒப்பீட்டிலிருந்து விலக்குகிறார்கள். அடுத்து தோற்கும் ஃபீல்டையும் விலக்குகிறார்கள். சில மாதங்களில் விலக்கப்பட்டவை ஒப்பிடப்படுபவற்றைவிட அதிகமாகிவிடுகின்றன, அந்தப் பட்டியலில் ஐஜிஎஸ்டியும் கிடக்கிறது.

என் ரிவ்யூவுக்குப் பண்புகளைச் சோதிக்கும் கோடு வந்தால் நான் முதலில் செய்வது இதுதான்: அந்தக் கோடு இருக்கும் பிராஞ்சை (தனிக் கிளையை) இறக்கி, மேப்பரில் சிஜிஎஸ்டியையும் ஐஜிஎஸ்டியையும் இடம் மாற்றிவிட்டுச் சோதனைகளை ஓட்டுகிறேன். ஒன்றாவது தோற்று, அந்த இரண்டு ஃபீல்டுகளின் பெயரையும் சொல்ல வேண்டும். எல்லாம் பச்சையாகவே இருந்தால், கவரேஜ் 95 சதவீதம் என்று டாஷ்போர்டு காட்டினாலும், இன்று மாலையே ரிலீஸ் என்று லீட் வந்து நின்றாலும், கோடைச் சேர்க்கச் சொல்லி வரும் அந்தப் புல் ரிக்வெஸ்டுக்கு நான் அப்ரூவல் தருவதில்லை, இனியும் தரப்போவதில்லை.