எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்களா?

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களை விசாரித்து உள்ளே விட்ட இடம் நியூயார்க்கின் எல்லிஸ் தீவு. அங்கே இறங்கியவர்களின் பெயர் வாயில் நுழையவில்லை என்று அதிகாரிகளே அமெரிக்கப் பெயராக மாற்றி எழுதிவிட்டார்கள் என்றொரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

1892 முதல் 1954 வரை அந்தத் தீவு வழியாக 1.2 கோடிப் பேர் வந்தார்கள். யாருடைய பெயரையும் அங்கே புதிதாக எழுதவில்லை. புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனம் பயணிகள் பட்டியலைத் தயாரித்துவிடும். தீவின் அதிகாரி அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்ப்பார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் நியூயார்க் மேயரான லா கார்டியா அங்கே அந்த வேலை பார்த்தவர்தான். பட்டியலில் எழுத்துப்பிழைகள் உண்டு, அது வேறு விஷயம்.

சரி, பெயர்கள் எப்படி மாறின? பெரும்பாலும் வந்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ பிறகு தாங்களே மாற்றிக்கொண்டார்கள். குடியுரிமை வாங்கும்போதே பெயரையும் மாற்றிக்கொள்ள 1906-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்தே யூதர்களுக்கு வேலையும் கல்லூரி இடமும் மறுத்த காலம் அது. அதனால் நியூயார்க் நீதிமன்றங்களில் யூதக் குடும்பங்கள் ஏராளமாகப் பெயர்மாற்ற மனு கொடுத்தன. பெயரை மாற்றிய பிறகும் பலர் யூதர்களாகவே வாழ்ந்தார்கள், யூத வழிபாட்டுக் கூடத்துக்குப் போனார்கள், சமூக வேலைகளில் முன்நின்றார்கள்.

தீவின் அதிகாரி மேல் பழியைப் போடும் கதை இந்தப் பாகுபாட்டை மறைத்துவிடுகிறது. எனக்கு வருத்தம் அதில்தான். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. தேடினால் பெரும்பாலும் பழைய பெயரே இருக்கும்.