பார் இருக்கும் இடம் மீனவர்களுக்குத்தான் தெரியும்

பாம்பன் பக்கத்துத் தீவுகளில் மீனவர்களே படகில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் ராயபுரம். போன மாசியில் எழும்பூரில் ரயிலேறிக் குடும்பத்தோடு போய்வந்தோம்.

படகோட்டிய அண்ணன் பவளப்பாறை என்றே சொல்லவில்லை, 'பார்' என்றுதான் சொன்னார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொன்னார். பார் மேல் நங்கூரம் விழுந்தால் உடைந்துவிடும் என்று மணல் தேடிப் போய்ப் போட்டார். அவர் தாத்தா காலத்தில் இதையே வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பினார்களாம்! 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்துவிட்டன. கரையில் செத்துக் கிடக்கும் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-ல் வந்தது, தூத்துக்குடி வரை 21 தீவுகள். அதனால் தொழில் செய்யும் இடம் சுருங்கியது இந்த மக்களுக்குத்தான். டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு அவர்களுக்கே போகட்டும். முங்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் வழிகாட்டிகளாகச் சேர்க்க வேண்டும், பாரைக் கையால் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள்.

அப்புறம், ஆடிக் காற்றில் தென்கடல், அதாவது இந்த மன்னார் வளைகுடாப் பக்கம், கலங்கிக் கிடக்கும். மாசி, பங்குனியில் போங்கள்.