ஒரே குரூப் என்றால் கிராஸ் மேட்ச் தேவையில்லையா?

"ரத்தம் கொடுப்பவரும் நோயாளியும் ஒரே குரூப் என்றால் போதும். கிராஸ் மேட்ச் என்பது பில் ஏற்றும் வேலை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. கிராஸ் மேட்ச் என்பது, கொடையாளியின் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று ஏற்றும் முன் லேபில் பார்க்கும் சோதனை.

நம் குரூப் கார்டில் இருப்பது ஏபிஓவும் (ஏ, பி, ஏபி, ஓ) ஆர்எச் டியும் (பாசிட்டிவா நெகட்டிவா என்பது) மட்டுமே. சிவப்பணுவின் மேல் கெல், டஃபி, கிட் என்று இன்னும் எத்தனையோ ஆன்டிஜென்கள் (அணுவின் அடையாளக் குறிகள்) உண்டு. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கர்ப்பமுற்ற பெண்கள் ஆகியோரில் சிலருக்கு இவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உருவாகியிருக்கும். அவர்களுக்கு பி பாசிட்டிவுக்கு பி பாசிட்டிவே ஏற்றினாலும் அணுக்கள் சிதையலாம். அடிக்கடி ரத்தம் ஏற்றும் தலசீமியா (பரம்பரை ரத்தசோகை நோய்) பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

கிராஸ் மேட்சில், நோயாளியின் சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கொடையாளியின் சிவப்பணுவையும் கலந்து 37 டிகிரியில் வைப்பார்கள். அணுக்கள் திரண்டால் ரத்தம் பொருந்தவில்லை என்று பொருள். சில ஆன்டிபாடிகள் அணுவில் ஒட்டினாலும் அணுக்கள் திரளாததால் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பிடிக்கத்தான் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் 1945இல் விவரித்த, அந்த அணுக்களைத் திரளவைத்துக் காட்டும் கூம்ப்ஸ் முறை. இப்போது பல இடங்களில் ஜெல் கார்டு வந்துவிட்டது: சுழற்றி எடுத்தால் திரண்ட அணுக்கள் ஜெல்லின் மேலேயே நின்றுவிடும், திரளாதவை அடியில் சிவப்புப் பொட்டாக இறங்கும்.

சரி, உயிர் போகிற அவசரத்தில்? அப்போது டாக்டர் பொறுப்பேற்று ஓ குரூப் ரத்தத்தை உடனே ஏற்றலாம். லேபில் சோதனை தொடர்ந்து நடக்கும். அது விதிவிலக்கு.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ரத்த வங்கித் தரநெறிகளிலேயே இதைப் பார்க்கலாம். சந்தேகம் என்றால் அரசு ரத்த வங்கியில் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.