தோட்டத்துக்குப் பணம் தருவதற்கு முன் நிலத்தைத் தாருங்கள்

நீளமான பதிவு இது. தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கத்து நண்பர்கள் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் ஒன்றுக்கு அரசு மானியம் கேட்டு விண்ணப்பம் தயாராகிறது. விஷயம் வெளியே தெரிந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. ரோடெல்லாம் குழி, குழாயில் தண்ணீர் இல்லை, கீரை வளர்க்க வரிப்பணமா என்பது ஒன்று. நம் தாத்தாமார் யாரிடம் மானியம் வாங்கினார்கள், கையால் உழைத்தே டர்பனுக்குக் காய்கறி போட்டார்களே என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நாம் மறந்துவிட்டோம்.

1860இல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்து கரும்புக் காட்டை விட்டு வெளியே வந்தவர்களில் பலர் நகரத்தைச் சுற்றித் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். ஸ்ப்ரிங்ஃபீல்ட், கேட்டோ மேனர், கிளேர்வுட் என்று எங்கும் கத்திரி, முள்ளங்கி, கொத்தமல்லி, ஹெர்ப்ஸ். விடிவதற்குள் கூடையைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனார்கள். டர்பனின் வார்விக் பகுதியில் இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட் அந்தக் கூடைகளிலிருந்து எழுந்ததுதான். 2009இல், கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால், அதை இடித்துவிட்டு மால் கட்டப் பார்த்தபோது வியாபாரிகள் போராடித் தடுத்தது நிறையப் பேருக்கு நினைவிருக்கும்.

ஆமாம், அதற்கெல்லாம் அரசு ஒரு காசு தரவில்லை. ஆனால் அவர்கள் பாடுபட்ட நிலம் யாருடையது? பெரும்பாலும் வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்தது, அதுவும் வேறு யாருக்கும் வேண்டாத ஆற்றோரத் தாழ்நிலம். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது ஸ்ப்ரிங்ஃபீல்ட் தோட்டக்காரர்களின் வீடும் பயிரும் ஆளும் போயின. தப்பியவர்கள் திரும்பவும் அதே மண்ணில் நட்டார்கள். வெள்ளத்தைத் தாங்கிய அந்த மக்களை 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பெயர்த்தெறிந்தது. என் அம்மாவின் அப்பா கேட்டோ மேனரில் தோட்டம் வைத்திருந்தவர். அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்தில் அவருக்குக் கிடைத்தது மலைச்சரிவில் ஒரு வீடும், கறிவேப்பிலைச் செடி வைக்கும் அளவுக்கு ஒரு மூலையும். ஸ்ப்ரிங்ஃபீல்டில் இன்று தொழிற்பேட்டையும் பெரிய கடைகளும் நிற்கின்றன.

நம்மவர்களுக்கு உழைப்பு தெரியும், விதை தெரியும், எந்த மாதத்தில் எதை நடவேண்டும் என்பதும் தெரியும். எழுந்துபோ என்றால் போகவேண்டிய நிலையில் இருந்தார்கள், அதனால்தான் எல்லாம் போயிற்று. எனவே மானியம் பற்றி என் கருத்து இதுதான்: சமூகத் தோட்டத்துக்கு அரசுப் பணம் கட்டாயம் வேண்டும். ஆனால் நிலத்துக்கு உறுதியான நீண்ட காலக் குத்தகை கையில் வராமல் ஒரு ராண்டும் செலவழிக்கக் கூடாது. அதற்கு அடுத்தபடியாக, வேலை செய்கிறவர்களுக்குக் கூலி. டனல் (நிழல்வலைக் கூடாரம்), வேலி, டேங்க் எல்லாம் அப்புறம்.

இப்போது நடப்பது நேர்மாறு. மானியப் படிவத்தைப் பாருங்கள். பொருள் வாங்கப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும், ஆட்களுக்குக் கூலி என்று எழுதினால் கேள்வி வரும். பொருளைப் படம் எடுக்கலாம், பலகை நட்டுத் திறப்புவிழா வைக்கலாம். என் கண்ணெதிரே ஒரு தோட்டம் இப்படிப் போனது. இடத்தைச் சொல்லவில்லை, அங்கே உழைத்தவர்கள் மனம் நோகும். நிழல்வலை டனல் வந்தது, ஜோஜோ தண்ணீர் டேங்க் வந்தது, கம்பி வேலி வந்தது. வேலை பார்த்தவர்கள் முக்கால்வாசி பெண்கள், நம் அக்காமாரும் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து வந்த ஜூலு கோகோமாரும் (பாட்டிமாரும்). பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருத்தி எத்தனை மாதம் இலவசமாக மண் வெட்டுவாள்? ஒவ்வொருவராக வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள். ஆள் இல்லாத தோட்டத்தைக் குரங்குகள் எடுத்துக்கொண்டன. சாட்ஸ்வொர்த்தில் குரங்குத் தொல்லை என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு காற்றில் வலை கிழிந்தது, வேலிக் கம்பி காணாமல் போனது. சோம்பேறிகள், கொடுத்ததை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை என்று ஊர் பேசியது. எனக்கு அந்தப் பேச்சுதான் இன்றும் ஆறவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் ஒருவருக்குச் சுமார் 5,000. நாலு பேருக்கு ஆண்டுக்கு 2,40,000 ராண்ட். ஒரு நகராட்சிக்கு இது பெரிய தொகையா? ஒரே வருடத்தில் பத்து லட்சத்தைக் கொட்டி நாலு டனல் கட்டிவிட்டுப் போவதைவிட, அதே பணத்தை நாலு வருடத்துக்குக் கூலியாகப் பிரித்துத் தந்தால் தோட்டம் நிற்கும். மண்ணுக்கும் அந்தக் காலம் வேண்டும். கட்டடக் குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தில் எருவும் இலைதழையும் போட்டு உயிர் வரவழைப்பது ஒரு பருவத்தில் முடிகிற வேலை இல்லை.

கூலிக்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்லமுடியாது. நம் நாட்டில் சமூக வேலைத் திட்டம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 100 நாள் வேலை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு நூறு நாள் வேலை என்றால் உடனே புரியும். பல இடங்களில் அந்த ஆட்கள் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். அதையும் தோட்ட மானியத்தையும் ஒரே திட்டமாக இணைத்தால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

கேப்டவுனில் இரண்டு உதாரணங்கள். 2012இல் ஒரான்யசிக்ட் பகுதியில் கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பௌலிங் மைதானத்தை அங்குள்ளவர்கள் தோட்டமாக்கினார்கள். அருமையான தோட்டம், அதிலிருந்து பிறந்த சந்தையும் பிரபலம். ஆனால் அது வசதியான பகுதி, நேரமும் தொடர்பும் உள்ள தன்னார்வலர்கள் அங்கே கிடைப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கேப் ஃபிளாட்ஸில் 1982இல் தொடங்கிய அபாலிமி பெசெகாயா அமைப்பு. ஏழைக் குடியிருப்புகளில் தோட்டம் போடுகிறவர்களுக்கு விதை, எரு, பயிற்சி, விற்பனை வழி என்று பல பத்தாண்டுகள் விடாமல் கூட நின்றது. அங்கே தோட்டம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருமுறை தந்துவிட்டுக் கைகழுவினால் அது நடந்திருக்காது.

நிலத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் கேட்டால் காய்கறி போட நிலம் ஒதுக்குவதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. நூறு வருடம் கழித்தும் அந்தத் துண்டு நிலங்களில் பயிர் இருக்கிறது. நம் நகராட்சியிடம் பள்ளிகளை ஒட்டியும் மின்கம்பி ஓடும் பாதைகளிலும் எத்தனை ஏக்கர் புல் வளர்ந்து கிடக்கிறது! அதை வெட்டவும் காசு போகிறது.

ஊழல் வராதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தேசிய லாட்டரி மானியத்தில் நடந்ததை நாடே பார்த்தது. 2020இல் தொடங்கிய விசாரணையில், செயல்படாமல் கிடந்த அமைப்புகளின் பெயரில் பணம் எடுத்ததெல்லாம் வெளிவந்தது. நூறு கோடி ராண்டுக்கும் மேலான தொகை விசாரணைக்குள் போனது. அதற்காகச் சின்ன அமைப்புகளின் கழுத்தில் இன்னும் பத்துப் படிவத்தைத் தொங்கவிடுவது எந்த விதத்தில் பதில்? அந்தப் படிவங்களை நிரப்ப ஆள் வைக்கக்கூடியவனுக்குத்தான் திருடவும் தெரிந்தது. தொகையைச் சிறிதாக வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். கூலியை நேரே அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். வரவு செலவைத் தோட்டத்து வாசலில் ஜூலுவிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைவிடக் கறாரான ஆடிட்டர் கிடைக்கமாட்டார்.

ரோட்டுக் குழியைக் காட்டிக் கேட்டவர்களுக்கு ஒன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், டொங்காட் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. அதற்கு முன் 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நின்றோம். நடந்து போகும் தூரத்தில் கீரையும் பீன்ஸும் மதும்பியும் (சேப்பங்கிழங்கு) விளையும் இடம் இருப்பது ஆடம்பரம் என்று அதற்குப் பிறகும் எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

நகராட்சியின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் வாக்கில் மன்றத்துக்கு வந்து, பிறகு மக்கள் கருத்துக்கு விடப்படும். அந்தக் கூட்டங்களுக்கு வாருங்கள். வரமுடியாதவர்கள் எழுத்தில் அனுப்புங்கள், வார்டு கவுன்சிலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நீண்ட காலக் குத்தகை, நாலு வருடக் கூலி, தண்ணீர் இணைப்பு, இந்த மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். ஜூலுவில் மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் யாராவது முன்வந்தால் பாட்டில்பிரஷ் பகுதியிலும் கொடுக்கலாம்.