அந்தப் பழமொழியை எசேக்கியேல் மறுக்கத்தான் எடுத்தார்

‘அப்பன் பாவம் பிள்ளையைச் சும்மா விடாது; பிதாக்கள் திராட்சைக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசியது என்று எசேக்கியேலே சொல்லியிருக்கிறார்’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பைபிளின் பழைய ஏற்பாட்டில், எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 18-ஆம் அதிகாரத்தில் அந்த வரி இருக்கிறது, சரி. ஆனால் அது தீர்க்கதரிசியின் கருத்து அல்ல. ஜனங்கள் பேசிக்கொண்டிருந்த பழமொழி அது. ‘இனி இதை நீங்கள் சொல்லவே மாட்டீர்கள்’ என்று அடுத்த வசனத்திலேயே கடவுள் தடுக்கிறார். தயவுசெய்து ஒரு வசனம் தள்ளிப் படியுங்கள்.

அந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் யார் என்பதும் முக்கியம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். முன்னோர் செய்ததற்கு நாம் சுமக்கிறோம் என்று நொந்துபோயிருந்தார்கள். அவர்களிடம்தான் எசேக்கியேல் மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார். நேர்மையான தகப்பன், அவனுக்கு ஒரு கொடூரமான மகன், அதைப் பார்த்தும் அப்படிச் செய்யாத பேரன். பேரன் செய்வதெல்லாம் அன்றாட விஷயங்கள்: அடகைப் பிடித்துவைக்காமல் இருக்கிறான், வட்டி வாங்குவதில்லை, பசித்தவனுக்குச் சாப்பாடு போடுகிறான், உடையில்லாதவனுக்குத் துணி கொடுக்கிறான். தகப்பனின் அக்கிரமத்துக்காக இவன் சாகமாட்டான் என்று அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது. அப்புறம், கெட்டவனே மனம் மாறினாலும் அவன் பழைய பாவங்கள் நினைக்கப்படுவதில்லை.

பைபிளின் இன்னொரு புத்தகமான யாத்திராகமம் 20-இல், பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடம் ‘மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்’ விசாரிக்கப்படும் என்று இருப்பது உண்மைதான், மறைக்கவில்லை. அதையும் இதையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது என்று பேசலாம். ஆனால் இந்தப் பழமொழியை அதற்குச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியாவின் புத்தகம் 31-ஆம் அதிகாரமும் இதே பழமொழியை எடுத்து, அவனவன் தன் அக்கிரமத்துக்காகவே சாவான் என்கிறது. ஊனமுற்ற பிள்ளையைப் பெற்றவர்களிடம் இந்த வரியைச் சொல்லிக் காயப்படுத்துவதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.