போகச் சொன்னவரைக் கேட்டால் போனவருக்கு அவமானமா?

சரி, என்னைக் குழுவிலிருந்து தூக்கியாயிற்று. ஸ்கிரீன்ஷாட் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். 1987-இல் ராஜீவ் காந்தி அரசு இலங்கைக்கு இந்திய அமைதிப்படையை அனுப்பியது தவறு என்று எழுதினேன். கூடப் படித்தவன், ஒரே பெஞ்சுக்காரன், "ராணுவத்தைக் கேவலப்படுத்தும் தேசத்துரோகி" என்கிறான். கீழே வரிசையாகக் கைதட்டல்.

அனுப்பியதைத்தான் தவறென்றேன். போனவர்களை அல்ல.

ஜூலை 29-இல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ராத்திரியில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். கீழே புலிகள் காத்திருந்தார்கள். அவர்களைக் கேவலப்படுத்தியது நானா, அங்கே இறக்கிவிட்டவர்களா? அதே மாதம் தீபாவளியன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்தார்கள். இதைப் பேசாமலிருந்தால் தேசபக்தி, அப்படித்தானே?

என் தாய்மாமா அங்கே லாரி ஓட்டினார். ஆச்சிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி: "கடைக்காரர் நம்ம பாஷைதான் பேசுகிறார், முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறார்." ஊரில் யார் கடைக்குப் போனாலும் பத்து நிமிஷம் நின்று பேசுகிற மனுஷன் அவர்.

"புலிகள் செய்ததெல்லாம் சரியா?" என்று வருவீர்கள். இல்லை. ராஜீவ் கொலையும் கொலைதான். போதுமா?

"திரும்பி வந்த படையை வரவேற்கக்கூட மாட்டேன் என்றவர்கள்தானே நீங்கள்?" இது கொஞ்சம் உறைக்கிறது. 1990 மார்ச்சில் கடைசிப் படை வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. முந்தின வருடமே ஊர் வந்துவிட்ட மாமா பேப்பரில் அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அத்தை சொல்வார். அவருடைய வருத்தம் நியாயம். அவரிடம் போய் நான் அரசியல் பேசமாட்டேன். ஆனால் வரவேற்காத ஒருவர்மேல் இத்தனை கோபப்படுகிறவர்களுக்கு, ஏறக்குறைய 1200 பேர் எதற்காகச் செத்தார்கள் என்று அனுப்பியவர்களைக் கேட்க மட்டும் வாய் வராதா? கேட்டவனைத் துரத்துவது சுலபம்.

இன்னொன்று. போன சுதந்திர தினத்துக்குக் குழுவில் சுற்றிய சீருடைப் படம் ஞாபகமிருக்கிறதா? நான் போட்ட என் மாமா படம். முதல் சல்யூட் வைத்ததும் இந்தப் பெஞ்சுக்காரன்தான். படத்தை இப்போது நீக்கலாம் என்றால் எனக்கு உள்ளே வர வழியில்லை. அது அங்கேயே கிடக்கிறது.