காரைக்குடிப் பக்கம் மனை பார்க்கிறவர்கள் ஐப்பசியில் வாருங்கள்

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் இங்கே மனை பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, ஊரில் திருவிழா, அப்படியே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவது. அந்த வெயிலில் எங்கள் செம்மண்ணில் எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு வந்து நில்லுங்கள். எது மேடு, எது மழைத்தண்ணீர் ஓடிவருகிற வரத்துக்கால் என்று தரையே சொல்லிவிடும்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. பெய்கிற மழையை நம்பித்தான் ஊர் கட்டினார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களில் நடந்து பாருங்கள், வீடுகள் தெருவைவிட நன்றாக உயர்ந்து நிற்கும். வீட்டு நடுவே இருக்கிற வளவு முற்றத்தில் விழுகிற தண்ணீரில் அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருவுக்கு வரும், தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும். காரைக்குடித் தண்ணீரின் ருசிக்குப் பேர் வாங்கித் தந்த சம்பை ஊற்றுக்கும் மழை மண்ணில் இறங்கினால்தான் பிழைப்பு. இப்போது அந்த வரத்துக்கால் மேலேயே கிராவலைக் கொட்டி, கல் நட்டு, தென்னங்கன்று வைத்து, நுழைவாயிலுக்கு ஒரு ஆர்ச்சும் கட்டிவிடுகிறார்கள். ஆர்ச்சைப் பார்த்து மயங்குகிறவர்கள் நிறையப் பேர்.

2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆன பிறகு சென்ட் கணக்குப் பேச்சே மாறிவிட்டது. எந்தப் பேனரைப் பார்த்தாலும் 'பல்கலைக்கழகம் அருகில்', 'சிக்ரி அருகில்'. அந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தவர் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார். அவர் கொடுத்ததைக் காட்டி நாம் அரை சென்ட்டுக்குப் பேரம் பேசுகிறோம்!

இங்கே குடியிருப்பது சுகமா என்றால், சுகம்தான். சென்னைக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது, காய்கறிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குறையில்லை. பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும், வயதானவர்கள் அதை யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதலில் ஒரு மழைக்காலமாவது வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. நான் கோட்டையூரில் வாடகைக்கு இருந்த தெருவிலேயே ஒரு பழைய மாடி வீட்டை வாங்கினேன். புது மனைதான் லாபம் என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும்.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 தனியாக எடுத்து வையுங்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல்லும் பர்மா தேக்குத் தூணும் பார்த்து வளவு வீட்டின் மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பதிவான பத்திரம்தான் அதில் வரும், பதியாத பங்காளி வரமாட்டார். தாத்தா காலத்து வீடு என்றால் பேரன் பேத்திகள் வரை பங்கு போயிருக்கும், ஒருவர் மலேசியாவில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருப்பார். எல்லாரும் விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடத் தயார் என்று தெரியும்வரை அட்வான்ஸ் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 'அண்ணே, அவங்க கையெழுத்தெல்லாம் நான் பாத்துக்கிறேன்' என்று புரோக்கர் சொன்னால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.